உணவைக் குறைத்துக்கொண்டே போகிறேன், வயிற்று உப்புசம் மட்டும் குறையவில்லை

கேள்வி: இந்த வாசகிக்கு வயது 34. அலுவலக வேலை, நான்கு வயதில் ஒரு மகள். இரண்டு ஆண்டுகளாக வயிற்று உப்புசத்தால் அவதிப்படுகிறார். காலையில் எழும்போது தட்டையாக இருக்கும் வயிறு, சாயங்காலத்துக்குள் ஆறு மாதக் கர்ப்பிணிக்கு இருப்பதுபோல் உப்பிவிடுகிறது. இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள ஒரு பெரிய ஊக்கை மேசை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறார். உடன் வேலை செய்பவர் ஒருவர் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டதிலிருந்து, நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதையே தவிர்க்கிறார்.

உறவினர் ஒருவர் சொல்லி முதலில் பாலை நிறுத்தினார். கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. எட்டு மாதம் முன்பு கோதுமையையும் நிறுத்தினார். பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதில், 43 உணவுகள் ஆகாது என்று சிவப்பு நிறத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அரிசிச் சோறு, வேகவைத்த இரண்டு மூன்று காய்கள், கொஞ்சம் கோழி, அவ்வளவுதான் சாப்பாடு. எடை 7 கிலோ குறைந்திருக்கிறது. தைராய்டுக்குப் பல வருடமாக மாத்திரை எடுக்கிறார். ரத்தசோகை என்று சொல்லி ஓர் ஆண்டாக இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கிறார். வயிற்று ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "எல்லாம் மனசுதான்" என்கிறார் கணவர். "எனக்கு இருப்பது அலர்ஜியா? இன்னும் எதை நிறுத்த வேண்டும்? வாழ்நாள் முழுக்க இப்படித்தானா? மகளுக்கும் வந்துவிடக் கூடாது என்று அவளுக்கும் பாலை நிறுத்தியிருக்கிறேன், அது சரியா?" என்று கேட்கிறார்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, எதை நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் ஓர் உணவைக்கூட நிறுத்தாதீர்கள். இப்போதே நீங்கள் சாப்பிடுவது உடம்புக்குப் போதவில்லை. 7 கிலோ குறைந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் கடிதத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது, நேரில் பரிசோதிக்க வேண்டும். குடல் மருத்துவர் ஒருவரையும் உணவியல் நிபுணர் ஒருவரையும் நீங்கள் பார்க்க வேண்டும். அவர்களிடம் என்ன கேட்பது, எதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் உங்கள் கணவர் சொன்னதைப் பற்றி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. கட்டி, கல், நீர்க்கோர்வை போன்றவை இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஸ்கேன். குடல் எப்படி வேலை செய்கிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூச்சத்தோடு இருக்கின்றன என்பதெல்லாம் அதில் தெரியாது. பார்சிலோனாவில் ஆய்வாளர்கள், வயிறு உப்பியிருக்கும்போது ஒருமுறை, சாதாரணமாக இருக்கும்போது ஒருமுறை என்று ஒரே ஆளை சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உப்பிய நேரத்தில் பலருக்கும் வாயு பெரிதாகக் கூடியிருக்கவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கி, முன்பக்க வயிற்றுத் தசை தளர்ந்து, உள்ளே இருப்பது முன்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. குடலில் சிறிதளவு வாயு சேர்ந்தாலே உடம்பு தன்னறியாமல் இப்படி எதிர்வினை காட்டுகிறது. வயிறு பெரிதாவது கண்ணுக்குத் தெரிகிற, அளந்து பார்க்கக்கூடிய உண்மை. கவலையும் தூக்கமின்மையும் குடல் நரம்புகளின் கூச்சத்தைக் கூட்டும் என்பதும் சரிதான். அதனால் இது கற்பனை ஆகிவிடாது. இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

அந்த 43 உணவுகள்

உங்களுக்கு எடுத்தது உணவுக்கு எதிராக ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை என்று நீங்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. ஓர் உணவை அடிக்கடி சாப்பிடும் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் அந்த உணவுக்கு எதிரான ஐஜிஜி இருக்கும். அந்த உணவை உடம்பு அறிந்திருக்கிறது, பெரும்பாலும் ஏற்றுக்கொண்டும் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. உணவுப் பிரச்சினையைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய அலர்ஜி மருத்துவர் சங்கங்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. ஏமாந்துவிட்டோமே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். துன்பத்தில் இருக்கும் ஒருவர் விடை தருகிறேன் என்று சொல்கிற இடத்துக்குப் போவது இயல்புதான். ஆனால் அந்தத் தாளை இன்றோடு ஓரமாக வைத்துவிடுங்கள். அதே பரிசோதனையை மறுபடி செய்யவும் வேண்டாம்.

உண்மையான உணவு அலர்ஜி வேறு விதம். அதில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளும் நோய் எதிர்ப்பு மண்டலமும் சம்பந்தப்பட்டிருக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்று வரும். துளி பட்டாலே ஆபத்தாக முடியலாம். உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. உங்களுக்கு இருப்பது உணவு ஒத்துக்கொள்ளாமை போலத்தான் தெரிகிறது. சிறுகுடல் சரியாக உறிஞ்சாமல் விட்ட சர்க்கரை வகைகள் பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்களால் மாவு புளித்துப் பொங்குவதுபோல் புளித்து வாயுவாகின்றன. இதில் அளவுதான் முக்கியம். கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, அளவு தாண்டினால் தொல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் உணவைப் பார்த்துப் பயப்படுவது பாதியாகக் குறையும்.

அந்த 43இல் முட்டை, மீன், தக்காளி, வெள்ளரி, உருளைக்கிழங்கு, ஆரஞ்சு எல்லாம் இருக்கின்றன. புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் இவற்றில் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. முன்பு இவற்றைச் சாப்பிட்டபோது தடிப்போ வீக்கமோ வந்ததில்லை என்றால், இந்த வாரமே ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன விஷயம்

உங்கள் நீண்ட கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "மலம் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகும், அது எனக்கு எப்போதும் அப்படித்தான்." என் பார்வையில் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான்.

மலச்சிக்கல் இருந்தால் வயிறு உப்பும். மலம் பெருங்குடலில் தங்கத் தங்க, பாக்டீரியாக்களுக்குப் புளிக்க வைக்க நேரம் கூடுகிறது. உண்டான வாயுவும் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அந்த நிலையில் எதைச் சாப்பிட்டாலும் உப்பும். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும் என்பதால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் குடல் அந்த நேரத்தில்தான் வலியையும் இறுக்கத்தையும் காட்டும். உடனே கடைசியாகச் சாப்பிட்ட உணவின் மேல் பழி விழும். அடுத்து அதையும் நிறுத்துவோம். நீங்கள் நிறுத்தியவற்றில் கோதுமை, பயறுகள், பழங்கள் எல்லாமே நார்ச்சத்து தருபவை. நார்ச்சத்து குறைய மலச்சிக்கல் கூடியது, மலச்சிக்கல் கூட உப்புசம் கூடியது. இந்த இரண்டு வருடத்தில் உங்களுக்கு நடந்தது பெருமளவுக்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாத்திரைகளுக்கும் இதில் பங்கு உண்டு. இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு மலத்தை இறுக்கும். தைராய்டு மாத்திரையின் அளவு போதாமல் இருந்தால் குடலே மந்தமாகும். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்குகிறீர்களா என்று பாருங்கள். இரும்பு தைராய்டு மருந்தை உறிஞ்சவிடாது, நடுவில் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டு மருந்தின் அளவு போதுமா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையைப் புதிதாக ஒருமுறை செய்துவிடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நார்ச்சத்து வேண்டும் என்பதற்காகத் தவிட்டை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம், உங்களைப் போன்றவர்களுக்கு அது வாயுவைக் கூட்டும். இசப்கோல் உமி மெதுவாகப் புளிப்பது. தினம் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம். தினம் இரண்டு பச்சைக் கிவிப் பழம் சாப்பிட்டால் மலச்சிக்கலும் வயிற்று அசௌகரியமும் குறைவதை மருத்துவ ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். காலை உணவு முடிந்து அரை மணிக்குள் கழிப்பறைக்குப் போய், பாதத்தின் கீழ் ஒரு சிறு முக்காலியை வைத்து, அவசரமில்லாமல் உட்காருங்கள். இதெல்லாம் போதாவிட்டால் மருந்து தேவைப்படும். அப்போது உப்புசம் இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். லாக்டுலோஸ் சிரப்பே பாக்டீரியா புளிக்க வைக்கிற ஒரு சர்க்கரைதான், அதனால் வாயு கூடலாம். பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் அப்படிப் புளிக்காது, தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும்.

கோதுமையை நிறுத்தியது

இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, உப்புசம், எடை இழப்பு எல்லாம் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலின் உட்சுவரையே சிதைக்கும் நோய் இது. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பு மண்டலக் கோளாறு உள்ளவர்களிடம் இது சற்று அதிகமாகவே காணப்படுகிறது. இதைக் கண்டுபிடிக்க டிடிஜி ஐஜிஏ என்ற எளிய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மொத்த ஐஜிஏ அளவையும் அதோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், நீங்கள் எட்டு மாதமாகக் கோதுமை சாப்பிடவில்லை. இந்த நிலையில் பரிசோதித்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். நம்பகமான விடை வேண்டுமானால், மருத்துவரின் கண்காணிப்பில் குறைந்தது 6 வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் கோதுமை சாப்பிட்டுவிட்டுப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு குறுக்குவழியும் உண்டு. எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணுப் பரிசோதனைக்குக் கோதுமை சாப்பிடத் தேவையில்லை. இரண்டுமே இல்லை என்று வந்தால் சீலியாக் அநேகமாகக் கிடையாது என்று விட்டுவிடலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போக வேண்டும், ஏனென்றால் நோயே இல்லாத பலருக்கும் அந்த மரபணு இருக்கும். இதை மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

"கோதுமையை விட்டபோது கொஞ்சம் குறைந்ததே, அப்படியென்றால் குளூட்டன்தானே காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. கோதுமையில் ஃபிரக்டான் என்ற சர்க்கரைத் தொடரும் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதுதான். மனிதக் குடலில் யாருக்குமே அதை உடைக்கும் நொதி கிடையாது. சீலியாக் இல்லாமலே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டன், ஃபிரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைச் சிற்றுண்டிகளைக் கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. தொல்லை அதிகமாக வந்தது ஃபிரக்டான் சாப்பிட்டபோது. குளூட்டனுக்கும் வெறும் சிற்றுண்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்கும் ஃபிரக்டான்தான் பிரச்சினை என்றால், சிறிய அளவில் கோதுமை திரும்பவும் உங்கள் தட்டுக்கு வரலாம். சீலியாக் என்றால் வாழ்நாள் முழுக்கத் துளிகூடக் கூடாது. இத்தனை பெரிய வித்தியாசம் இருப்பதால்தான் இதை ஊகத்தில் விட முடியாது என்கிறேன்.

பால்

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி, உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குழந்தைப் பருவம் தாண்டியதும் குறைந்துவிடுகிறது. அது நோய் அல்ல. அப்படிக் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு கப் பால் அளவுக்கு, தாங்குவார்கள். வெறும் வயிற்றில் குடிக்காமல் உணவோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. தயிரில் இருக்கும் பாக்டீரியாவே லாக்டோஸின் ஒரு பகுதியைச் செரித்துக் கொடுத்துவிடும். நெய்யிலும் பழுக்க வைத்த கெட்டிப் பாலாடைக் கட்டியிலும் லாக்டோஸ் அநேகமாகக் கிடையாது. லாக்டோஸ் நீக்கிய பாலும், சாப்பாட்டோடு விழுங்கும் லாக்டேஸ் மாத்திரையும் கிடைக்கின்றன. பெரியவர்களுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் வேண்டும். இப்போதைய உங்கள் சாப்பாட்டில் அதில் கொஞ்சம்தான் கிடைக்கும்.

திரும்பச் சேர்ப்பது எப்படி?

புளிக்கும் சர்க்கரைகளை வகை பிரித்து, ஃபோட்மேப் என்று பெயரிட்டு, அவற்றைக் குறைத்துச் சாப்பிடும் முறையை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அதன்படி 2 முதல் 6 வாரம் வரைதான் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையாகச் சேர்த்து சோதித்து, ஒத்துக்கொண்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நீண்ட நாள் அப்படியே இருந்தால் குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாக்களும் குறைகின்றன. நீங்கள் முதல் கட்டத்தைத் தேவைக்கு மேலேயே முடித்துவிட்டீர்கள். மலச்சிக்கல் ஓரளவு சரியானதும் நேரே இரண்டாம் கட்டத்தைத் தொடங்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரே வகை. உதாரணத்துக்குப் பால்: முதல் நாள் கால் கப், இரண்டாம் நாள் அரை கப், மூன்றாம் நாள் ஒரு கப், எல்லாம் உணவோடு. பிறகு இரண்டு மூன்று நாள் நிறுத்தி வயிறு அமைதியானதும் அடுத்த வகை. பயறு என்றால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்துக் கால் கப்பில் தொடங்குங்கள். அப்புறம் பூண்டு, வெங்காயம், தேன், ஆப்பிள், காளான். பூண்டு வாசம் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு இப்போதே வழி இருக்கிறது. ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி, வாசம் இறங்கியதும் பல்லை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் சமையுங்கள். தண்ணீரோ குழம்போ சேர்வதற்கு முன்பே பல்லை எடுத்துவிட வேண்டும், ஃபிரக்டான் தண்ணீரில் கரைந்துவிடும்.

ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்போது உப்பியது, அன்று மலம் போனதா, மாதவிலக்கு எந்த நாளில், எப்படித் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உப்புசம் இயல்பாகவே கூடும், அந்த வாரத்தில் புதிய சோதனை வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் சேர்க்கும் சார்பிட்டால் நல்ல வாயு உண்டாக்கி. சாப்பிட்டபின் சாய்ந்து உட்கார்ந்து, தோளும் மார்பும் தூக்காமல் பத்து நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள். மேலே சொன்ன உதரவிதானப் பழக்கத்தை மாற்ற இது உதவலாம்.

ஒரு வகை ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், அதை ஒதுக்கிவிடாமல் தாங்கும் அளவைக் குறித்துக்கொண்டு, சில மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். தாங்கும் அளவு காலப்போக்கில் மாறும். வாழ்நாள் முழுக்க இப்படித்தானா என்று கேட்டீர்கள். சீலியாக் இல்லை என்றால், நிச்சயமாக இல்லை.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

மலத்தில் ரத்தம் அல்லது கறுத்த மலம், நன்றாகச் சாப்பிட்டும் குறையும் எடை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, விடாத வாந்தி, விழுங்கச் சிரமம், காய்ச்சல், குடும்பத்தில் குடல் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தது போன்றவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். இதைப் படிக்கும் 50 வயது தாண்டிய பெண்களுக்கும் ஒன்று: புதிதாக உப்புசம் தொடங்கி, பெரும்பாலான நாட்களில் நீடித்தால் வாயு என்று ஒதுக்காதீர்கள். சினைப்பையைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். பால் குடித்து அவளுக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். லாக்டேஸ் குறைவது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குப் பிறகு மெல்ல நடப்பது. பாலை முன்கூட்டியே நிறுத்தினாலும் அதைத் தடுக்க முடியாது. வளரும் எலும்புக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவதுதான் மிச்சம். நாளைக் காலையிலிருந்தே அவளுக்குப் பால் கொடுங்கள்.